வலி போக்கும் மருந்தும் வலிய வரும் துன்பமும்

வலியை விரும்புவார் உலகில் எவருமிலர். பல்வலியோ முதுகுவலியோ வந்துற்றால் அதனை உடனே போக்கிக்கொள்ளவே மனம் விழைகிறது. மருத்துவர் எழுதித் தரும் ஒரு மாத்திரை ஒரு மணி நேரத்தில் அவ்வலியைத் துடைத்தெறியும்போது, அதனைக் கண்டுபிடித்தவரை வாழ்த்தத் தோன்றுகிறது. ஆயின், அதே மாத்திரையை நிறுத்தும்போது வரும் துன்பத்தைப் பற்றி நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்? வேதியியல் மூன்றாம் ஆண்டு பயிலும் நான் அறிந்திருக்கவில்லை. மார்பினின் கட்டமைப்பு வாய்பாட்டை வகுப்பில் வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான். எஞ்சியதை என் தந்தையாரிடமிருந்து கற்றேன். அவரது இசைவைப் பெற்றே இக்கட்டுரையை எழுதுகிறேன். "நாலு பேருக்குத் தெரிஞ்சா நல்லதுதான், எழுது" என்றார்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வலிநீக்கி மாத்திரைகள் அனைத்தும் ஓரினமல்ல. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமாலும், மூட்டுவலிக்குத் தரும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் முதலியனவும் வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. அளவு மீறினால் அவை ஈரலையும் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆனால் நிறுத்திய மறுநாள் ஒருவரைப் பாயில் உருளச் செய்வதில்லை. நான் கூற வந்தது அபினியின் வழிவந்த குடும்பத்தைப் பற்றி. மார்பின், கோடீன், டிராமடால், டபென்டடால், பென்டசோசின், ஃபென்டனில் ஆகியன அக்குடும்பத்தார். இவற்றுள் சில செடியில் விளைபவை. சில ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை. பிறப்பு வேறாயினும் உடலில் சென்று அமரும் இருக்கை ஒன்றே.

குருமாவிற்கு அரைக்கும் கசகசா நாம் அறிந்த பொருள். அந்த விதையைத் தரும் செடியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பாலே உலர்ந்து அபினியாகிறது. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற உழவர் இதனைப் பயிரிடுகின்றனர். காஜிப்பூரில் 1820இலும் நீமச்சில் 1933இலும் நிறுவப்பெற்ற அரசு ஆலைகள் அபினியைக் கையாண்டு வந்திருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மருந்துக்கடைப் பணியாளராயிருந்த செர்ட்டூர்னர் என்னும் ஜெர்மானிய இளைஞர் அபினியிலிருந்து ஒரு வெண்ணிறப் படிகத்தைப் பிரித்தெடுத்தார். கிரேக்கரின் கனவுத் தெய்வமான மார்ஃபியசின் பெயரால் அதற்கு மார்பின் என்று பெயரிட்டார். 1832இல் ரொபிகே என்னும் பிரெஞ்சு அறிஞர் கோடீனைப் பிரித்தார். 1898இல் மார்பினை மாற்றியமைத்துச் செய்த ஹெராயின், இருமல் மருந்தாகவே கடைக்கு வந்தது. மார்பினைப்போல் இது மனிதரைப் பிடித்துக்கொள்ளாது என்று அப்போது நம்பினார்கள்!

இந்த நம்பிக்கை திரும்பத் திரும்பத் தோன்றித் திரும்பத் திரும்பப் பொய்த்திருக்கிறது. 1962இல் ஜெர்மனியில் உருவாக்கப்பட்டு 1977இல் விற்பனைக்கு வந்த டிராமடாலையும், பழக்கம் உண்டாக்கும் ஆற்றல் மிகக் குறைந்தது என்றே நெடுங்காலம் கருதினர். பின்னர் இந்திய அரசு 2018 ஏப்ரலில் அதனை 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திற்குள் கொண்டுவர நேர்ந்தது. என் தந்தையார் உட்கொண்டது இந்த டிராமடாலே.

அவர் தையற்காரர். பரணிலிருந்து துணிமூட்டையை இறக்கும்போது ஏணி சரிந்து விழுந்தார். முதுகெலும்பில் வட்டு பிதுங்கியிருப்பதாகக் கண்டு, ஒரு மருத்துவர் 50 மில்லி கிராம் காப்ஸ்யூலை நாளுக்கு இரண்டாகப் பதினைந்து நாட்களுக்கு எழுதிக் கொடுத்தார். பதினைந்து நாள் முடிந்தது, சீட்டு முடியவில்லை. மடித்து மடித்துக் கிழிந்துபோன அதே சீட்டைக் காட்டியும், பின்னர் காட்டாமலேயும், ஓராண்டுக்கும் மேலாக ஒரு மருந்துக் கடையில் வாங்கி வந்தார். இரண்டு மூன்றாயிற்று, மூன்று நான்காயிற்று, இறுதியில் நாளொன்றுக்கு ஆறு. போதைக்காக அவர் உண்ணவில்லை. உண்டால்தான் தையல் இயந்திரத்தின் முன் அமர முடிந்தது. அமர்ந்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. எப்போது நிறுத்த வேண்டும், எப்படி நிறுத்த வேண்டும் என்று எவரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் எவரையும் கேட்கவில்லை.

கடும் கோடையில் ஒரு நாள் கடைக்காரர் கைவிரித்துவிட்டார். சோதனை நடக்கிறது, இனிப் புதிய சீட்டின்றித் தரமுடியாது என்றாராம். அப்பா எங்களிடம் ஒன்றும் கூறவில்லை. மறுநாட் காலை ஓயாது கொட்டாவி விட்டார். கத்திரி வெயிலில் மூக்கு ஒழுகிற்று. கண்ணில் நீர் வடிந்தது. உடலெங்கும் மயிர்க்கூச்செறிந்தது, வியர்வையும் குளிரும் மாறி மாறி வந்தன. மாலையில் வயிற்றைப் பிசைந்து பேதியாயிற்று. அம்மா வெயில் சூடு என்று எண்ணி மோரும் இளநீரும் கொடுத்தார். நான் விடக்காய்ச்சல் என்றேன். இரவில்தான் உண்மையான கொடுமை தொடங்கியது. அவரால் படுக்க முடியவில்லை. கால்கள் தாமாகவே உதைத்துக்கொண்டன. எழுந்து திண்ணையில் நடந்தார், அமர்ந்தார், மீண்டும் நடந்தார். மூன்றாம் நாள் இரவு சுவரில் தலையைச் சாய்த்து அழுதார். என் தந்தையார் அழுது நான் பார்த்தது அதுவே முதல் முறை.

நான்காம் நாள் எங்கோ போய்விட்டு வந்தார். ஒரு மணி நேரம் சென்றது. முகம் தெளிந்தது, கஞ்சி கேட்டார், உறங்கினார். மூன்று நாளாக எதற்கும் அடங்காத நோய் ஒரு மணி நேரத்தில் அடங்கியது எனக்கு வியப்பளித்தது. அவருடைய சட்டைப்பையில் கிடந்த மாத்திரை அட்டையின் பெயரைப் படித்தபோது வியப்பு நீங்கிவிட்டது. எழுந்தபின் கேட்டேன். நெடுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழகிப்போச்சு கண்ணு. விட்டுடலாம்னுதான் பாக்குறேன். உடம்பு விடமாட்டேங்குது."

உடல் ஏன் விடமாட்டேன் என்கிறது? இதற்கு விடை தேடியே நூலகத்தில் பல மாலைப்பொழுதுகளைக் கழித்தேன்.

1973ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் என்னும் இருவர், மூளையின் நரம்பணுக்களில் மார்பினுக்கென்றே பொருந்திய இருக்கைகள் இருப்பதை நிறுவினர். அதே ஆண்டில் வேறு இரு ஆய்வுக் குழுவினரும் தனித்தனியே இதனைக் கண்டனர். ஏற்பிகள் என்று அவற்றை அழைக்கிறோம். எங்கோ விளையும் ஒரு செடியின் பாலுக்கு மனித மூளையில் இருக்கை ஏன் என்ற வினா எழுந்தது. 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூசும் ஹான்ஸ் காஸ்டர்லிட்சும் விடை கண்டனர். உடல் தானே தனக்கென வலிநீக்கும் பொருளைச் சுரக்கிறது; இருக்கை அதற்குரியது; அபினி பிறர் இருக்கையில் வந்து அமரும் விருந்தாளி. தலைக்குள் இருப்பது என்னும் பொருளில் அப்பொருளுக்கு என்கெஃபலின் என்று பெயரிட்டனர்.

இவ்விருக்கைகள் தண்டுவடத்திலும் மூளையிலும் மட்டுமல்ல, குடற்சுவரிலும் உள்ளன. ஆகவே மாத்திரை உட்சென்றதும் வலிச்செய்தி மங்குகிறது, மனம் அமைதியுறுகிறது, மூச்சு மெதுவாகிறது, கண்மணி சுருங்குகிறது, குடல் அசைவு தளர்ந்து மலச்சிக்கல் உண்டாகிறது. இனி, வேதியியல் மாணவர் அனைவரும் அறிந்த லெ சாட்டலியரின் தத்துவத்தை நினைவுகூருங்கள். சமநிலையிலுள்ள ஓர் அமைப்பின்மீது மாற்றத்தைத் திணித்தால், அம்மாற்றத்தைக் குறைக்கும் திசையில் அமைப்பு நகரும். உடல் வேதிக் குடுவையன்று. எனினும் ஒப்புமை பெரிதும் பொருந்துகிறது. நாள்தோறும் மருந்து அடக்கிவைக்கும்போது, நரம்பணுக்கள் அவ்வடக்குமுறையை எதிர்த்துத் தம் உள்விசையைக் கூட்டிக்கொள்கின்றன. அதனால் பழைய அளவு போதாமற் போகிறது, இரண்டு ஆறாகிறது. மருந்தைத் திடீரென எடுத்துவிட்டால் அடக்கும் கை போய்விட்டது. கூட்டிவைத்த உள்விசை மட்டும் அப்படியே நிற்கிறது. சாய்ந்த கதவை முழுபலத்தோடு தள்ளிக்கொண்டிருப்பவர், கதவு திறந்ததும் எதிர்ப்புறம் போய் விழுவது போன்றது இது.

மூளைத் தண்டில் நீலப்புள்ளி என்று பொருள்படும் பெயருடைய சிறு பகுதி ஒன்றுண்டு. அச்சமும் விழிப்பும் உண்டாகும்போது நார்அட்ரினலின் என்னும் பொருளைச் சுரந்து உடலெங்கும் பரபரப்பை ஊட்டுவது அதன் பணி. மருந்து அதனை உறங்க வைத்திருந்தது. மருந்து நீங்கியதும் அது பல மடங்கு வேகத்துடன் விழித்துக்கொள்கிறது. வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, நடுக்கம், உறக்கமின்மை எல்லாம் அதன் வேலை. இப்போது அறிகுறிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அவை கண்ணாடிப் பிம்பங்கள் என்பது விளங்கும். மருந்து குடலைக் கட்டியது, விட்டதும் பேதி. மருந்து கண்மணியைச் சுருக்கியது. விட்டதும் அது விரிகிறது. மருந்து உறக்கம் தந்தது, விட்டதும் விழிப்பு. மருந்து வலியைத் தணித்தது. விட்டதும் உடலெங்கும் வலி.

டிராமடாலுக்கு இன்னுமோர் இயல்புண்டு. அபினி இருக்கையில் அமர்வதோடு நில்லாமல், மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகளைப்போல், செரோட்டோனின், நார்அட்ரினலின் ஆகிய இரண்டும் நரம்பணுக்களால் மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. ஆகவே இதனை விடும்போது, மேற்கூறியவற்றோடு காரணமற்ற திகிலும், கைகால்களில் ஊசி குத்துவதுபோன்ற உணர்வும் சிலருக்கு வருகின்றன. "உடம்பு முழுக்கக் கரண்ட் ஓடுது" என்று அப்பா சொன்னதை நாங்கள் பிதற்றல் என்று எண்ணினோம். அவர் சொன்னது உண்மையே. மேலும், அளவு மிகுந்தால் வலிப்பு உண்டாக்கும் கேடும் இம்மருந்துக்கு உண்டு.

கால அளவும் ஓரளவு கணிக்கக்கூடியதே. உடலில் விரைவில் தீர்ந்துபோகும் வகைகளை நிறுத்தினால் 8 முதல் 24 மணி நேரத்திற்குள் அறிகுறிகள் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் உச்சமடையும். நான்கு முதல் பத்து நாட்களில் பெரும்பாலும் தணியும். என் தந்தையார் மாத்திரையைத் தேடிப் போனது நான்காம் நாள்! உச்சத்தைக் கடந்து இறங்கத் தொடங்கும் நேரத்தில்தான் அவர் தோற்றுப்போனார். அறியாமையால் வந்த தோல்வி அது. ஆனால் இதை வைத்து, "இன்னும் இரண்டு நாள் பல்லைக் கடித்திருந்தால் போதுமே" என்று எவரும் எண்ணிவிடலாகாது. உடல்நலமுள்ளவர்க்கு இவ்விலகல் துன்பம் பெரும்பாலும் உயிர்க்கொல்லியன்று எனினும், பேதியாலும் வாந்தியாலும் நீர்ச்சத்து வற்றி இறந்தவர்களும் உண்டு. கருவுற்ற மகளிர் திடீரென நிறுத்தினால் கருவுக்கே ஊறு நேரலாம். இதயநோய் உடையவரும், முன்பு வலிப்பு வந்தவரும் வீட்டில் முயலவே கூடாது. 2019 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், நெடுநாள் உட்கொண்டவர்க்கு இம்மருந்துகளைத் திடீரென நிறுத்துவதால் கடும் துன்பமும் தற்கொலையும்கூட நேர்ந்திருப்பதாக எச்சரித்தது. அந்நாட்டில் 1990களில் இம்மருந்துகளை அளவின்றி எழுதித் தள்ளினர். பின்னர் அஞ்சி வெடுக்கெனப் பறித்தனர். கொடுத்ததும் தவறு, பறித்த முறையும் தவறு.

மருத்துவரிடம் செல்வோம் என்றேன். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்ல வேண்டும் என்று அறிந்ததும் அப்பா மறுத்துவிட்டார். "நான் என்ன பைத்தியமா?" என்றார். பத்து நாள் பேச்சுவார்த்தை இல்லை. இடையில் தெருவில் ஒருவர், "தையற்காரர் மாத்திரைக்கு அடிமையாமே" என்று கேட்டதை அம்மா பொறுக்கமாட்டாமல் வந்து சொன்னார். இந்த 'அடிமை' என்ற சொல்லைப் பற்றி எனக்கொரு வழக்கு உண்டு. உடல் மருந்துக்குப் பழகிப்போய், இன்றேல் வருந்துவது உடற்சார்பு. கேடு விளையும் என்று தெரிந்தும் மனம் அதனையே நாடி, பொய்யுரைத்து, பொருளிழந்து, மேலும் மேலும் தேடுவது வேறு. முன்னது மருத்துவர் சொற்படி உண்டவர் எவர்க்கும் வரலாம், புற்றுநோயாளிக்கும் வரும். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டும்போது, முதல் வகையினர் வெட்கத்தால் வாய் திறக்காது போகின்றனர். என் தந்தையார் ஓராண்டு வாய் திறவாததற்கு அச்சொல்லே காரணம்.

இறுதியில் அம்மாதான் அவரை இணங்க வைத்தார். மருத்துவர் முழுவதும் கேட்டார். ஒரு கடிந்துரையும் இல்லை. "நீங்க தப்பு ஒண்ணும் பண்ணலீங்க. உடம்பு அந்த மருந்துக்கு இடம் கொடுத்துடுச்சு. அந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்ப வாங்கணும், அவ்வளவுதான்" என்றார். வேறு மாத்திரைகள், மது, உறக்க மருந்து ஏதேனும் உண்டா என்று மும்முறை கேட்டார். அப்பாவின் முகத்தில் அன்றுதான் சற்று இறுக்கம் தளர்ந்தது.

மருத்துவர் வகுத்த திட்டம் படிப்படியாகக் குறைப்பது. ஓராண்டுக்கு மேல் உட்கொண்டவர்க்கு மாதம் பத்து விழுக்காடு, அல்லது அதனினும் மெதுவாகக் குறைப்பது பெரும்பாலும் தாங்கக்கூடியது என்று 2022இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. எங்கள் மருத்துவர் அதனினும் சற்று விரைவாகச் செல்லலாம் எனக் கருதினார். தாங்காவிட்டால் நிறுத்தி நிதானிப்போம் என்றார். நாளுக்கு 300 மில்லி கிராமில் தொடங்கி, மூன்று வாரத்திற்கு ஒரு முறை 50 குறைப்பது. ஜூலைத் தொடக்கத்தில் 250; பின்னர் 200; பின்னர் 150. அதன்பின் 50 ஆகக் குறைக்காமல் 25 ஆகக் குறைக்கச் சொன்னார். இஃது ஏன் என்று நான் வீட்டில் கணக்கிட்டுப் பார்த்தேன். முந்நூறில் ஐம்பது ஆறில் ஒரு பங்கு. நூறில் அதே ஐம்பது சரிபாதி! ஏணியின் படிகள் கண்ணுக்கு ஒரே உயரமாகத் தோன்றினும், கீழே வரவரக் காலுக்கு அவை உயர்ந்துகொண்டே போகின்றன. பலரும் கடைசி ஒன்றிரண்டு மாத்திரைகளில் தடுக்கி விழுவது இக்கணக்கை அறியாமையாலேயே. காப்ஸ்யூலைப் பாதியாக்க இயலாது. ஆதலின் நடுவில் கோடுள்ள மாத்திரையாக மாற்றித் தந்தார். நாள் முழுதும் மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட நீள்செயல் மாத்திரைகளை மட்டும் எக்காரணத்தாலும் உடைக்கக்கூடாது. முழு அளவும் ஒரேயடியாக இரத்தத்தில் கலந்துவிடும்.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் நாள், வேளை, அளவு, உறக்கம், வலி, வயிறு என்று கட்டம் போட்டேன். வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று அப்பாவே எண் சொல்வார். மாத்திரை அட்டை அம்மாவின் அரிசிப் பெட்டியில். காலை, மாலை அம்மா எடுத்துக் கொடுப்பார். இதனை அப்பாவே கேட்டுக்கொண்டார் என்பதைக் குறிப்பிட வேண்டும். நாங்கள் பறித்து வைத்திருந்தால் சண்டையில் முடிந்திருக்கும்.

ஒவ்வொரு குறைப்புக்கும் பின் நான்கைந்து நாட்கள் கடினம். பின்னர் இரண்டு வாரம் அமைதி. நோட்டைப் புரட்டினால் அலைபோல் அது தெரிந்தது. ஏறுவது இறங்கும் என்று எண்ணால் காணும்போது, மனத்திற்கு ஒரு பிடிப்பு உண்டாகிறது. "போன தடவையும் மூணாம் நாள் இப்படித்தான் இருந்துச்சா, பாரு" என்று இரவில் என்னை எழுப்பிக் கேட்பார். விளக்கைப் போட்டுப் பார்த்துச் சொல்வேன். அது போதும், மீண்டும் படுத்துக்கொள்வார்.

பேதிக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் முதல் மருந்து. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலக்க வேண்டும், உப்பு மிகக்கூடாது. கஞ்சி, இட்லி, மோர் என எளிய உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுத்தோம். கால் குடைச்சலுக்கு வெந்நீர் ஊற்றுவதும் பிடித்துவிடுவதும் உதவின. பகலில் உறங்க விடவில்லை. மாலைக்குப் பின் தேநீர் இல்லை. விடியலில் ஏரிக்கரைவரை நடை. நடை சிறிதாயினும் அன்றிரவு உறக்கம் அரைமணி கூடியதை நோட்டு காட்டிற்று. மற்றவர்க்கு மருத்துவர்கள் வேறு துணை மருந்துகளும் தருவதுண்டு. மூக்கடைப்புக்கென ஆராயத் தொடங்கி, இரத்த அழுத்த மருந்தாக மாறிய குளோனிடின், நீலப்புள்ளியின் கொந்தளிப்பை அடக்கும் என்று 1978இல் கண்டனர். இரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்தாதலின் தாமாக வாங்கி உண்ணத் தகாது. அப்பாவுக்கு அது தேவைப்படவில்லை. அளவு மிகப் பெரிதாக இருப்போர்க்கும், ஊசியாகச் செலுத்திக்கொண்டோர்க்கும் புப்ரினார்ஃபின் என்னும் மருந்தை நாவின் கீழ் வைக்கத் தருகின்றனர். அது அதே இருக்கையில் அமர்ந்து பாதி வேலை மட்டும் செய்வது. பழைய மருந்து உடலில் இருக்கும்போதே அதனைக் கொடுத்தால் துன்பம் திடுமென மூண்டுவிடும். எனவே அறிகுறிகள் தொடங்கிய பின்னரே மருத்துவர் முன்னிலையில் தொடங்குவர். ஒரு போதைக்கு மறு போதை என்று இதனை இகழ்வார் உளர். சர்க்கரை நோயாளியின் இன்சுலினை நாம் அவ்வாறு இகழ்வதில்லை.

அப்பாவின் நண்பர் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார்: இரவில் சிறிது பிராந்தி குடித்தால் உறக்கம் வரும் என்று. நல்லவேளை, நான் அங்கிருந்தேன். இம்மருந்தோடு மதுவோ உறக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு நின்றுபோகலாம்.

எல்லாவற்றிலும் எங்களைக் குழப்பியது முதுகுவலியே. ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் முதுகுவலி கூடிற்று. "பாரு, மாத்திரை இல்லாம இந்த முதுகு ஆகாது" என்பார் அப்பா. கேட்பதற்குச் சரியான வாதமாகவே தோன்றும். ஆனால் இங்கேதான் மருந்து நம்மை ஏமாற்றுகிறது. விலகல் துன்பமே உடல்வலியைத் தருவது. அதிலும் முன்பு அடிபட்ட இடத்தையே தேடிப் பிடிப்பது. அன்றியும், நெடுநாள் இம்மருந்தை உண்டவரின் நரம்புகள் வலியை முன்னினும் கூர்மையாக உணரத் தொடங்கிவிடுகின்றன. ஆகவே மாத்திரை தணிக்கும் வலியில் ஒரு பங்கு மாத்திரையே படைத்த வலி. எவ்வளவு பங்கு? அதனை அறிய ஒரே வழி, மெதுவாகக் குறைத்துவிட்டுப் பொறுத்திருந்து பார்ப்பதுதான். நோட்டில் 300 மில்லி கிராம் உண்ட நாட்களில் அப்பா சொன்ன எண் பெரும்பாலும் ஆறு. 150இல் மூன்றாம் வாரம் சொன்ன எண்ணும் ஆறு! பாதி மருந்து போய்விட்டது, வலி கூடவில்லை. இதனை அவரிடம் காட்டியபோது, கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்குப் பின் அந்த வாதத்தை அவர் எடுக்கவில்லை.

செப்டம்பர் இறுதியில் 100க்கு வந்தோம். அடுத்த குறைப்பு தீபாவளித் தையல் குவிந்திருக்கும் நேரத்தில் வந்தது. இரவு பன்னிரண்டு மணிவரை வேலை. அப்பா பழைய அளவுக்கு ஏறிவிடுவாரோ என்று அஞ்சினேன். மருத்துவர், "ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், நின்ன இடத்துல நில்லுங்க" என்றார். மூன்று வாரம் கூடுதலாக நின்றோம். தீபாவளிக்குப் பின் 75, நவம்பர் இறுதியில் 50, டிசம்பரில் 25. பொங்கலுக்குச் சில நாள் முன்பு ஒன்றுமில்லை. ஏறத்தாழ ஆறு மாதத்திற்கும் மேல். அவசரப்பட்டிருந்தால் பத்து நாளில் முடிந்திருக்கும் என்பார் உளர். முடிந்திருக்காது என்பதற்குக் கோடையின் அந்த மூன்று இரவுகளே சான்று.

நின்றபின்னும் எல்லாம் உடனே சீராகிவிடவில்லை. உறக்கம் திரும்ப ஏழெட்டு வாரங்களாயின. எதிலும் நாட்டமின்மை சிறிது காலம் இருந்தது. பிடித்த உணவும் சுவைக்கவில்லை என்றார். உடல் தன் சொந்தச் சுரப்பைப் பழையபடி நம்பக் கற்றுக்கொள்ள வேண்டுமல்லவா? இக்காலத்தில் மருத்துவர் ஒன்றை அழுத்திச் சொன்னார். ஆறு மாத்திரையைத் தாங்கிய உடல் இப்போது இல்லை. என்றேனும் மனம் தளர்ந்து பழைய அளவை ஒரே முறை உண்டாலும் அது பேரிடராகலாம். ஊசி போட்டுக்கொள்வோர் பலர் விட்டுவிட்டு மீண்டும் தொடங்கும் முதல் நாளிலேயே மாண்டுபோவது இதனாற்றான்.

இவ்விடத்தில் மாணவ நண்பர்களிடம் ஒன்று கூற வேண்டும். டபென்டடால் போன்ற மாத்திரைகளை இளைஞர் சிலர் கரைத்து ஊசியாகச் செலுத்திக்கொண்ட செய்திகளை நம் நாளேடுகளில் படிக்கிறோம். 2019இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் அபினிவகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் ஏறக்குறைய 2 கோடியே 26 இலட்சம் பேர். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் மருந்துக்கடை வகைகளை உண்போர். இவர்களுள் என் தந்தையாரைப் போன்றவரும் இருப்பர். விளையாட்டாய்த் தொடங்கியவரும் இருப்பர். விலகல் துன்பம் இருவருக்கும் ஒன்றே; அது காரணம் கேட்டு வருவதில்லை. விடுதி அறையில் யாரேனும் ஓயாது கொட்டாவி விட்டு, மூக்கொழுகி, மயிர்க்கூச்செறிந்து, கால் உதைத்துக்கொண்டு கிடந்தால் அது வெறும் சளிக்காய்ச்சலாக இல்லாதிருக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்கு மருத்துவம் உண்டு. 14446 என்னும் தேசியத் தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம்.

அப்பாவின் முதுகுவலி அடியோடு போய்விடவில்லை. கேட்டால் நான்கு என்கிறார், மழைநாளில் ஐந்து. மிதிக்கும் இயந்திரத்திற்கு மோட்டார் பொருத்திக்கொண்டார். மணிக்கொரு முறை எழுந்து நடக்கிறார். அரசு மருத்துவமனையில் கற்றுத்தந்த முதுகுப் பயிற்சிகளை முணுமுணுத்துக்கொண்டே செய்கிறார். அரிசிப் பெட்டியில் ஏழு மாத்திரைகள் மீந்திருந்தன. தூக்கி எறிந்துவிடலாம் என்றேன். "தெருவுல பிள்ளைங்க விளையாடுது" என்று மறுத்து, அடுத்த முறை மருத்துவமனைக்குச் சென்றபோது எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தார். நோட்டுப் புத்தகத்தை மட்டும் தம் தையல் மேசையின் இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.